அமெரிக்காவில் கல்லூரி மாறுவது: விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதமும்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணம் குறைவு என்பதால் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவோர் உண்டு. சேர்ந்த இடத்தில் விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காமல் மாறுவோரும் உண்டு. பள்ளியிலிருந்து விண்ணப்பித்தபோது பள்ளியின் வழிகாட்டி ஆலோசகர் (கவுன்சிலர்) கவனித்துக்கொண்ட வேலைகளில் பெரும்பாலானவற்றை இம்முறை மாணவரே செய்ய வேண்டியிருக்கும். அவற்றுள் புதியவர்களை அதிகம் திணறவைப்பது பரிந்துரைக் கடிதம் என்பதால் அதை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

படி 1: கடிதம் தேவைதானா என்று பாருங்கள்

எல்லாப் பல்கலைக்கழகங்களும் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒன்பது இளநிலை வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம்தான். தாங்களாகக் கேட்டாலொழிய அவை கடிதங்களைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல், பதில் எழுதச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று கட்டாயம், மற்ற மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து நாமே தேர்ந்துகொள்ளலாம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'காமன் ஆப்' என்ற இணைய விண்ணப்பம் வழியாக விண்ணப்பம் பெறும் தனியார் பல்கலைக்கழகங்களில் பலவோ கல்லூரிப் பேராசிரியர்களிடமிருந்து ஒன்று அல்லது இரண்டு கடிதங்களை எதிர்பார்க்கின்றன. ஆகவே ஒரு தாளில் பல்கலைக்கழகத்தின் பெயர், கடைசி நாள், கடிதங்களின் எண்ணிக்கை, யார் எழுத வேண்டும் என நான்கு பத்திகள் போட்டு நிரப்பிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் விண்ணப்பக் காலம் பொதுவாக நவம்பர் இறுதியையொட்டி முடிந்துவிடும். இலையுதிர் பருவச் சேர்க்கைக்கான தனியார் பல்கலைக்கழகக் கெடுக்களில் பல மார்ச் மாதத்தில் வரும்.

படி 2: கிரெடிட் கணக்கைச் சரிபாருங்கள்

முடித்த பாடங்களுக்குக் கல்லூரி கணக்கிட்டுத் தரும் அலகுகளே கிரெடிட். இந்தக் கணக்கில் ஏற்படும் பிழையைக் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரிக்கட்ட முடியாது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் தங்கள் கல்லூரியையும் போக விரும்பும் வளாகத்தையும் பாடப்பிரிவையும் தேர்ந்தெடுத்தால், இங்கே படித்த எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடாகும் என்ற பட்டியல் கிடைக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டில் சேர, ஆண்டை இரு பருவங்களாகப் பிரிக்கும் செமஸ்டர் முறையில் 60 கிரெடிட், அல்லது அதைவிடக் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் 90 கிரெடிட் வேண்டும். கூப்பர்டினோவின் டி அன்சா போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரியில் படிப்பவர் 60 என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஓராண்டின் பெரும்பகுதி குறைந்துபோகும். குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) அம்மாநிலத்தவருக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8, போட்டி மிகுந்த பிரிவுகளில் இந்த எண்கள் வாசலைத் தாண்டுவதற்கு மட்டுமே உதவும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவுசெய்யும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்யும் 'டேக்' திட்டத்தில் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்கலாம்.

வேறு மாநிலத்துக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போகிறவர்களுக்கு இப்படி ஆயத்தப் பட்டியல் கிடைப்பது அரிது. ஆகவே முடித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.

படி 3: யாரிடம் கேட்பது

பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்கும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்று நம் வீடுகளில் நினைப்பதுண்டு. இந்த விஷயத்தில் அது உதவாது. முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் ஏ வாங்கிய மாணவரைப் பற்றித் துறைத்தலைவர் எழுதக்கூடியது "நன்றாகப் படித்தார், ஏ பெற்றார்" என்பதுதான், அதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடும். இருபத்தைந்து பேர் கொண்ட ஆங்கிலக் கட்டுரை வகுப்பின் ஆசிரியரோ, முதல் வரைவில் வாதம் எங்கே சறுக்கியது, திருத்தச் சொன்னபோது மாணவர் எந்த இரண்டு பத்திகளை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினார் என்பதுவரை சொல்ல முடியும். சேர்க்கைக் குழுவுக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது கடிதம்தான்.

விரும்பும் பாடப்பிரிவைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவரும் வேறு துறையினர் ஒருவருமாக இருந்தால் நல்லது. பெரிய வகுப்புகளில் உங்களை உண்மையில் அறிந்தவர், பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவும் டீச்சிங் அசிஸ்டென்டாகவே இருப்பார். அவர் தரும் விவரங்களைச் சேர்த்துக் கடிதத்தில் பேராசிரியர் கையொப்பமிட இயலுமா என்று கேட்பதில் தவறில்லை. இந்த அறிமுகம் கடிதம் கேட்கும் வாரத்தில் உருவாகாது. மாறும் எண்ணம் இருந்தால் முதல் செமஸ்டரிலிருந்தே, மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் ஆபீஸ் ஹவர்ஸுக்குக் கையில் ஒரு சந்தேகத்தோடு போய்வர வேண்டும்.

படி 4: கேட்கும் முறை

கடைசி நாளுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு, முடிந்தால் நேரில், கேளுங்கள். "எனக்காக வலுவான ஒரு கடிதம் எழுத உங்களால் இயலுமா?" என்பதுதான் கேள்வி. அவர் தயங்கினாலோ, "நேரம் இருக்குமா தெரியவில்லை" என்றாலோ, அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி வேறொருவரை நாடுவது மேல். வற்புறுத்தி வாங்கும் கடிதம் வெதுவெதுப்பாகத்தான் வரும்.

ஒப்புக்கொண்டவருக்கு அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதில் கல்லூரிகளின் பட்டியலையும் கடைசி நாட்களையும் எழுதி, ரெஸ்யூமேயையும், அவர் வகுப்பில் திருத்தித் தந்த தாள் ஒன்றையும், மாறுவதற்கான காரணத்தை விளக்கும் ஐந்தாறு வரிகளையும் இணைத்துவிடுங்கள். காரணம் அவருக்குத் தெரியாவிட்டால் உங்கள் கட்டுரை ஒன்று சொல்ல, அவர் கடிதம் வேறொன்று சொல்லும்.

விண்ணப்பத்தில் கடிதத்தைப் படித்துப்பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்வி வரும். மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்க வழிசெய்யும் 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே வழக்கம், மாணவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்த கடிதத்தைத்தான் குழுவினர் ஒளிவுமறைவற்றதாகக் கருதுவார்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பும் கடிதம் போய்ச் சேரவில்லை என்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

படி 5: மற்ற படிவங்கள்

பல தனியார் பல்கலைக்கழகங்கள் இரண்டு படிவங்களைக் கேட்கும். உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது போன்ற விவரங்களுக்கான கல்லூரி அறிக்கையை டீன் அலுவலகமோ ரெஜிஸ்ட்ராரோ நிரப்புவார்கள். நடப்பு செமஸ்டரின் இடைக்கால மதிப்பெண் படிவத்தை ஒவ்வொரு ஆசிரியரிடமும் கொண்டுபோய் எழுதி வாங்க வேண்டும். முதல் தேர்வுத்தாள்கள் திருத்தப்படும் முன்பே போய் நின்றால் அவர்களால் எதையும் எழுத முடியாது.

படி 6: கட்டுரை

இருக்கும் கல்லூரியைக் குறைசொல்லாமல், போகும் இடத்தில் என்ன படிக்கப்போகிறீர்கள் என்பதை அங்குள்ள பாடங்கள், ஆய்வகங்களின் பெயரோடு எழுதுங்கள். "பெயர்பெற்ற பல்கலைக்கழகம்" என்ற காரணத்தை எல்லோருமே எழுதுகிறார்கள்.

படி 7: இடம் கிடைத்த பிறகு

எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது, அவற்றுள் எத்தனை பாடப்பிரிவின் கணக்கில் சேரும் என்பதை எழுத்தில் வாங்கிய பின்னரே சம்மதம் தெரிவியுங்கள்; விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கப்பட்ட கிரெடிட்டால் பட்டம் விரைவில் முடியாமல் போகலாம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் பழைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் தரவுத்தளம்) பதிவை மாற்றும் தேதியைக் குறித்துவிட்டு, புதிய கல்லூரியிடமிருந்து மாணவர் தகுதிச் சான்றான ஐ-20 படிவத்தைப் பெற வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பதிவு புதிய கல்லூரியின் பொறுப்பில் போய்விடும் என்பதால், வளாகத்தில் பகுதிநேர வேலை செய்பவர்கள் கடைசி வேலைநாளைக் கணக்கிட்டே தேதியைச் சொல்ல வேண்டும்.