ஏறாத ஹோஸ், ஒரு ஃப்ளாஸ்க் வெந்நீர்

வெளிக் கடையில் வாங்கிய ஏர் இன்டேக்கை (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் அமைப்பு) காரில் மாட்டும்போது ஃபில்டர், பைப் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மீதி நேரத்தை எல்லாம் இரண்டு ஹோஸ்கள்தான் எடுத்துக்கொண்டன. ஒன்று, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் ஏற வேண்டிய சிலிகான் இணைப்பு. இன்னொன்று, இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து உள்ளே சேரும் வாயுவை வெளியே கொண்டுவரும் பிரீதர் ஹோஸ். இது பழைய ரப்பர். பல வருட இன்ஜின் சூட்டில் இறுகிக் கிடந்தது.

ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பத்தான் முதலில் கை போனது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், விளிம்பு கிழிந்துவிடும். கிரீஸ், இன்ஜின் ஆயில் தடவுவதும் தவறு. சில ரப்பர்கள் ஆயிலில் ஊதிப்போகும், சிலிகான் பிறகு வழுக்கிக் கழன்றுவிடும்.

ஃப்ளாஸ்கில் கொதிக்கும் தண்ணீர் கொண்டுவந்து, ஹோஸ் முனையை இரண்டு நிமிடம் முக்கி வைத்தேன். துடைத்துவிட்டு, உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். நேராகத் தள்ளாமல், ஒரு ஓரத்தை முதலில் மாட்டி, திருகிக்கொண்டே அழுத்தினேன். சிலிகான் உடனே ஏறியது. பிரீதர் ஹோஸுக்கு மூன்று முறை வெந்நீர் தேவைப்பட்டது.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பை முன்கூட்டியே ஹோஸில் கோத்து வையுங்கள், அப்புறம் நுழைக்க இடம் இருக்காது. பைப் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே இறுக்கினேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சிறு இடைவெளி இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடுவது) தடுமாறும். ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டேன். உஸ்ஸென்ற சத்தம் எங்கும் இல்லை.