கம்பஸில என்ன வேணுமெண்டு எப்பிடிக் கேக்கிறது

என்ர தம்பி கம்பஸ் போன முதல் கிழமை, அம்மாவும் நானும் அவனோட போய் அங்க பெரிய சேர் ஒருத்தரிட்ட "இவனுக்கு கண் பார்வை குறைவு சேர், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" எண்டு சொன்னம். சேர் நல்ல மனிசன், "ஓமோம், அதெல்லாம் பாப்பம்" எண்டார், நாங்களும் நிம்மதியா உப்புவெளிக்கு பஸ் ஏறிட்டம். ரெண்டு மாசத்தில முதல் டெஸ்ட். எல்லாருக்கும் குடுத்த அதே சின்ன எழுத்துப் பேப்பர்தான் அவனுக்கும், கிடைச்ச கதிரை ஹோலில கடைசி மூலை, அந்த இடத்து ட்யூப் லைட் எரியவும் இல்லை. 40க்கு 9 எடுத்தான். படிக்காம இல்லை, கேள்விய வாசிச்சு முடிக்கவே நேரம் போட்டுது. ஒருத்தரும் வேணுமெண்டு செய்யேல்ல, "பாத்துக்கொள்ளுங்கோ" எண்டா என்ன செய்யோணும் எண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியாது, நாங்களும் சொல்லேல்ல.

அதாலதான், பார்வை, காது, நடை எண்டு ஏதாவது இயலாமையோட படிக்கப் போற பிள்ளையளுக்கு இதை எழுதுறன். கிழக்குப் பல்கலைக்கழகத்திட கோணேசபுரி கம்பஸுக்கு போறவையோ, வந்தாறுமூலைக்கு போறவையோ, இங்க திருகோணமலை டவுனில டெக்னிக்கல் கொலிஜுக்கு போறவையோ, ஆரா இருந்தாலும் கேக்கிற முறை ஒண்டுதான்.

முதல்ல ஏ.எல் எழுதிட்டு இருக்கிற பிள்ளையளுக்கு ஒரு விசயம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருசா வருசம் விடுற கைநூலில, பார்வையற்ற மற்றும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு விசேட அனுமதி எண்டு ஒரு பகுதி இருக்கு. மூண்டு பாடமும் ஒரே தடவையில பாஸ், பொதுச் சாதாரண பரீட்சையில 30, இந்த அடிப்படைத் தகுதி இருந்தா அதுக்குள்ளால விண்ணப்பிக்கலாம். கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோர் புள்ளி காணாது எண்டு விட்டிடுற பிள்ளையள் எத்தினையோ பேர், கைநூலை அந்தப் பகுதி வரைக்கும் வாசிக்கிறதில்லை. மற்றது, ஓ.எல் ஏ.எல்லுக்கு பரீட்சைத் திணைக்களம் கூடுதல் நேரமோ எழுதுறதுக்கு ஆளோ தந்திருந்தா அந்தக் கடிதத்தை எறிஞ்சிடாதீங்கோ, கம்பஸில "இதுக்கு முதல் எனக்கு இப்பிடித் தந்திருக்கு" எண்டு காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

ரிஜிஸ்ரேஷனுக்கு முதல் ஒருக்கா போய் இடத்தைப் பாத்திட்டு வாங்கோ. வீல்செயாரில போற பிள்ளை எண்டா இது கட்டாயம். எத்தினை படி, லெக்சர் ஹோல் மேல்மாடியா, டொய்லெட் கதவு வீல்செயார் போற அகலமா, ஹொஸ்டலில கீழ்மாடி ரூம் இருக்கா எண்டு பாத்து போனில படம் எடுங்கோ. ராம்ப் இருந்தா காணாது, சரிவையும் பாக்கோணும், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் எண்டதுதான் பொதுவான கணக்கு, அதைவிடச் செங்குத்தா இருந்தா தனிய ஏறேலாது. நிலாவெளிப் பக்கத்து மணல் தெரியும்தானே, முன்சில்லு புதைஞ்சா தள்ளுறவருக்கும் ஏலாது, பஸ் ஹோல்டில இருந்து கட்டடம் வரைக்கும் நிலம் எப்பிடி எண்டும் பாருங்கோ, மாரியில அது இன்னும் மோசம். ராம்ப் கட்டித் தாங்கோ எண்டு கேட்டா வருசக் கணக்கா இழுபடும். "எங்கட பட்ச்சிட லெக்சரை கீழ்மாடி ஹோலுக்கு மாத்துங்கோ" எண்டு கேட்டா டைம் டேபிளில ஒரு மாற்றம், ஒரு நாள் வேலை. ரெண்டையும் கேளுங்கோ, ரெண்டாவதை முதல் கேளுங்கோ.

இப்ப கடிதம். வாயால சொன்னது ஒண்டும் நிக்காது. ஒரு பக்கம் போதும், பீடாதிபதிக்கு எழுதி துறைத்தலைவர், பரீட்சைப் பகுதி, மாணவ ஆலோசகர் மூண்டு பேருக்கும் பிரதி போடுங்கோ. தம்பி ரெண்டாவது தரம் எழுதினது கிட்டத்தட்ட இப்பிடி:

"எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எனும் விழித்திரை நோய் உள்ளது. பக்கப் பார்வையும் மங்கிய ஒளியில் பார்வையும் இல்லை. வைத்திய அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. வினாத்தாள் 24 அளவு எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்பட வேண்டும். ஜன்னலோரம் வெளிச்சமான இருக்கை வேண்டும். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மேலதிகமாக எத்தனை நிமிடம் வழங்கப்படும் என எழுத்தில் அறியத் தரவும். விரிவுரைக் குறிப்புகள் முதல் நாளே யுனிகோட் எழுத்துருவில் வேர்ட் கோப்பாக வேண்டும்."

பாருங்கோ, "உதவி" எண்ட சொல்லே இதில இல்லை. எழுத்து 24 எண்டு சொன்னா கிளார்க்கும் செய்வார், ஆரிட்டையும் விளக்கம் கேக்கத் தேவையில்லை. உங்கட கையில இருக்கிற பிரதியில "கிடைத்தது" எண்டு சீலும் திகதியும் வாங்காம வெளிய வராதீங்கோ.

யுனிகோட், அதாவது கம்ப்யூட்டரும் தமிழ் எண்டே விளங்கிக்கொள்ளுற எழுத்துமுறை, எண்டு ஏன் போட்டம் எண்டு சொல்லோணும், தமிழில படிக்கிற பிள்ளையளுக்கு இதைவிடப் பெரிய தலையிடி இல்லை. தம்பி முதல் முதலா ஸ்க்ரீன் ரீடர், அதாவது திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற சொஃப்ட்வெயார், போட்டு ஒரு சேர்ட டுட்டை (பாடக் குறிப்பை) திறந்தான், நான் பக்கத்தில இருந்து ஹெட்போன் ஒரு பக்கத்தை என்ர காதில வச்சன். தமிழ் எண்ட சொல் வரவேண்டிய இடத்தில கம்ப்யூட்டர் "ஜே கே பி ஓ செமிகோலன்" எண்டு வாசிக்குது. முழுப் பக்கமும் அப்பிடித்தான். டுட் அடிச்சது பாமினி ஃபொன்டில, கண்ணுக்குத்தான் அது தமிழ், கம்ப்யூட்டருக்கு அது வெறும் இங்கிலிஷ் எழுத்து. அண்டைக்கு அவன் ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு ஒண்டும் கதைக்கேல்ல, சாப்பிடவும் இல்லை. அடுத்த நாள்தான் பாமினியை யுனிகோடா மாத்திற கன்வேர்ட்டர் இணையத்தில சும்மா கிடைக்குது எண்டு கண்டுபிடிச்சம், கொப்பி பண்ணிப் போட்டா ஒரு செக்கனில மாறும். ஆனா டேபிள், நம்பர், இங்கிலிஷ் சொல் எல்லாம் குழம்பும், ஒருத்தர் இருந்து திருத்தோணும், அதால லெக்சரரையே யுனிகோடில தரச் சொல்லிக் கேளுங்கோ.

ஸ்க்ரீன் ரீடருக்கு காசு குடுக்கத் தேவையில்லை. விண்டோஸில என்விடிஏ, 2006இல ஒஸ்ரேலியாவில பார்வையில்லாத ரெண்டு பேர் தொடங்கினது, முழுக்க இலவசம். அதோட வாற ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும், இரும்பு மாதிரிக் குரல், ரெண்டு கிழமையில காது பழகிடும். விண்டோஸ் செட்டிங்கில தமிழ்க் குரலைச் சேர்த்தா வள்ளுவர் எண்டு ஒரு குரல் வரும், அது கொஞ்சம் மனிசர் மாதிரிக் கதைக்கும். அன்ட்ரொய்ட் போனில டோக்பேக், ஐபோனில வொய்ஸ் ஓவர், ரெண்டும் போனோடயே வருது. பழைய புத்தகத்தை வடிவா வெளிச்சத்தில வச்சுப் படமெடுத்து கூகுள் ட்ரைவில ஏத்தி, கூகுள் டொக்ஸால திறந்தா எழுத்தா மாத்தித் தரும், தமிழும் வரும். மங்கின ஃபோட்டோகொப்பி எண்டா பிழை கூட வரும்.

படங்களுக்கு ஒரு சொஃப்ட்வெயாரும் எங்களுக்கு கை குடுக்கேல்ல. தம்பி பொருளியல், மூண்டாம் வருசம் வரேக்க கோடு ஒண்டும் தெரியாத நிலை. அம்மா தையல் பெட்டியில இருந்து தடிச்ச நூலை எடுத்து, கலண்டர் மட்டையில கம் பூசி, கேள்வி (டிமாண்ட்) வளையிய ஒரு நூலாலயும் நிரம்பல் (சப்ளை) வளையிய முறுக்கின ரெட்டை நூலாலயும் ஒட்டினா. ரெண்டும் வெட்டுற இடத்தில ஒரு முடிச்சு, அதுதான் சமநிலைப் புள்ளி. கேள்வி கூடினா வளையி எங்க நகரும் எண்டு பக்கத்தில இன்னொரு நூல். அவன் விரலால தடவிப் பாத்திட்டு "முடிச்சு மேல போயிருக்கு, அப்ப விலை கூடுது" எண்டான். அம்மா எட்டாம் வகுப்போட நிண்டவ, பொருளியல் ஒரு சொல்லும் தெரியாது. அப்பிடி முப்பது மட்டை செய்தா.

காது குறைவான பிள்ளையளுக்கு: லைவ் ட்ரான்ஸ்கிரைப் எண்ட கூகுள் அப் கதைக்கிறதை எழுத்தாக் காட்டும், தமிழும் இருக்கு. போனை உங்கட மேசையில வைக்காதீங்கோ, லெக்சரர்ட மேசையில வச்சாத்தான் ஒழுங்கா எழுதும், இல்லாட்டி ஃபேன் சத்தத்தில எல்லாம் பிழைக்கும். போர்ட்டைப் பாத்துக் கதைக்காம முகத்தைத் திருப்பிக் கதைக்கச் சொல்லி முதல் நாளே கேளுங்கோ. நோட்ஸ் எழுதித் தர ஒரு ஃப்ரெண்டை மட்டும் நம்பாதீங்கோ, ரெண்டு பேரைப் பிடியுங்கோ, ஒருத்தர் லீவெண்டா மற்றவர். சைகை மொழியில படிச்ச பிள்ளைக்கு உரைபெயர்ப்பாளர் வேணுமெண்டா அதையும் கடிதத்தில போடுங்கோ, எந்தப் பாடம், கிழமைக்கு எத்தினை மணித்தியாலம் எண்டதோட.

டிஸ்லெக்சியா (வாசிக்க எழுதக் கஷ்டம்), ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்தில நிக்காத நிலை), மனச்சோர்வு இதெல்லாம் வெளியில தெரியாது, அதால ரிப்போர்ட் இன்னும் முக்கியம். ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில காட்டி எழுத்தில எடுங்கோ. ராத்திரி மனசு தாங்கேலாம வந்தா தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுக்கலாம்.

எழுதுறதுக்கு ஆள் வச்சு எக்ஸாம் எழுதுறவை நான் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. ஒரு செமஸ்டர் தம்பிக்கு வந்த பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா பொருளியல் சொற்கள் ஒண்டும் கேள்விப்படாதவ, ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாச் சொல்லி அரை மணித்தியாலத்துக்கு மேல போட்டுது. அதே பாடம் படிக்கிறவரை விடமாட்டினம், அது நியாயம்தான், ஆனா ஆர் வரப்போறார் எண்டு முதலே கேட்டு ஒரு நாளாவது சேந்து பழகுங்கோ, பாடத்தில அடிக்கடி வாற சொற்களை அவருக்கு முதலே சொல்லிப் பழக்குங்கோ. தனி ரூம் கேளுங்கோ, நீங்க சொல்லுறது மற்றப் பிள்ளையளுக்கும் கேக்கக்கூடாது, உங்களுக்கும் கூச்சமில்லாமக் கதைக்கோணும். ஒவ்வொரு கேள்வி முடியவும் எழுதினதைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கோ.

கடிதம் குடுத்தும் ஒண்டும் நடக்கேல்ல எண்டா சத்தம் போடாம மேல போங்கோ. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 23ஆம் பிரிவு, கல்வி நிறுவன அனுமதியிலயும் கட்டடங்களைப் பாவிக்கிறதிலயும் இயலாமையக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது எண்டு சொல்லுது. இலங்கை 2016இல ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் ஏற்றிருக்கு, அதில 24ஆம் உறுப்புரை கல்வியப் பற்றினது. அடுத்த கடிதத்தில இந்த ரெண்டு வரியையும் போடுங்கோ, பதில் வாற வேகம் மாறும். அதுக்கும் வரேல்ல எண்டா மனித உரிமைகள் ஆணைக்குழு, திருகோணமலையிலயே பிராந்திய அலுவலகம் இருக்கு, அவசரத் தொலைபேசி 1996, சட்டம் வந்த வருசமும் அதுதான், மறக்காது. நடந்து ஒரு மாசத்துக்குள்ள முறைப்பாடு குடுத்திடுங்கோ, ஏனெண்டா பிறகு அடிப்படை உரிமை வழக்குக்கு போகவேண்டி வந்தா அந்த ஒரு மாசம்தான் கணக்கு, அதுக்குள்ள ஆணைக்குழுவுக்கு குடுத்திருந்தா அங்க விசாரணை நடக்கிற காலம் சேராது.

ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கேக்கயும் கடிதத்தைப் புதுசாக் குடுங்கோ. கிளார்க் மாறுவார், துறைத்தலைவர் மாறுவார், புது லெக்சரர் வருவார். பழைய கடிதத்தையும் சீலோட பின்னால இணைச்சு விடுங்கோ, போன தரம் என்னென்ன தந்தவை எண்டதை அதிலேயே பேனையால எழுதி.