ஐப்பசியில் ஊன்றினால் மார்கழியில் பீன்ஸ்

முதல் வருஷம் சித்திரையில் மொட்டைமாடியில் மண் பையில் பீன்ஸ் போட்டேன். செடி தளதளவென்று வந்தது, பூவும் பூத்தது. ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் பையடியில் கொட்டிக் கிடக்கும். மண்ணைக் குறை சொன்னேன், விதை விற்றவரைத் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. வெயில் செய்த வேலை அது. 16 முதல் 24 டிகிரிதான் பீன்ஸுக்குப் பிடித்தம். 30-ஐத் தாண்டினால் பூ நிற்காது.

அதனால் கோயமுத்தூரில் எங்கள் மொட்டைமாடிக்கு ஐப்பசிதான் கணக்கு. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மாசி, பங்குனியில் போடலாம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கொடி பீன்ஸ் வேண்டாம், பந்தலுக்கு எங்கே போவது? செடி பீன்ஸ் ஒன்றரை அடியோடு நின்றுகொள்ளும். நான் போடுவது அர்கா கோமல், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து ரகம். நார் உரிக்கச் சோம்பல் என்றால் அர்கா சுவிதா.

பைக்குச் செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தரை என்றால் வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி அரை அடி. ஓரடிப் பையில் மூன்று விதை போதும்.

விதையை ராத்திரி ஊறவைக்காதீர்கள். எங்கள் அத்தை எந்த விதையானாலும் ஊறப்போடுவார். அவர் பேச்சைக் கேட்டுப் போட்டதில் பாதி, தோல் வெடித்து இரண்டாகப் பிளந்து மண்ணுக்குள்ளேயே அழுகியது. மண்ணை முதலில் நனைத்துவிட்டு, காய்ந்த விதையை ஒரு அங்குல ஆழத்தில் அப்படியே ஊன்றுங்கள். முளைக்கும்வரை மண் காயாமல் லேசாகத் தெளித்தால் போதும். அடைமழை என்றால் பையைச் சன்ஷேடு அடியில் நகர்த்திவிடுவேன். முளைக்கிறதற்கு வெயில் தேவையில்லை.

ஒரு வாரத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு, பருப்பு இரண்டையும் தலையில் தூக்கியபடி முளை வெளியே வரும். அணில் காத்திருப்பது இதற்குத்தான். இரண்டு இலை விரியும்வரை பழைய கொசுவலையைப் போட்டு மூடிவையுங்கள்.

உரத்தில் தாராளம் வேண்டாம். புண்ணாக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இலைதான் கொழிக்கும். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது செடிக்குள் கையை விடாதீர்கள், துரு நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். அசுவினிப் பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அடிக்கலாம்.

ஐம்பது நாளில் காய். ஒடித்தால் டக்கென்று ஒடியும் பருவத்தில், ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு பறிக்கவேண்டும். இல்லாவிட்டால் செடியே கையோடு வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள்; விதை முட்டிக்கொண்டு தெரிகிற காயை விட்டுவைத்தால், செடி பூப்பதை நிறுத்திவிடும்.

செடி பீன்ஸில் ஒரு தொல்லை, எல்லாம் மூன்று வாரத்துக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். அதனால் எட்டுப் பையிலும் ஒரே நாளில் ஊன்றமாட்டேன். நாலு பை இன்றைக்கு, மீதி நாலு பதினைந்து நாள் கழித்து. நாலு பேர் வீட்டில் வாரம் ஒரு பொரியலுக்குக் குறைவில்லை.

இலையில் தேமல் இல்லாத நல்ல செடி ஒன்றை மட்டும் பறிக்காமல் விட்டு, காய் சருகானதும் விதை எடுத்து, சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டுவைப்பேன். மற்றவற்றைப் பிடுங்காமல் தரையோடு வெட்டிவிட்டு, வேர் மக்கட்டும் என்று அதே பையில் தையில் வெண்டை போட்டுவிடுவேன்.