குவாலா கங்சார் அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், குவாலா கங்சாரில் உள்ள இஸ்தானா கெனாங்கான் அரண்மனையைப் பார்க்கச் செல்பவர்கள், வாயிலை நோக்கி விரையாமல், முதலில் கட்டடத்தை வெளிப்புறமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர வேண்டும். உட்பகுதி மூடியிருந்தாலும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

1926-இல் எழுப்பப்பட்ட இந்த மர அரண்மனையின் உயிர் அதன் புறத்தோற்றத்திலேயே இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து, மஞ்சள், கறுப்பு, வெள்ளை நிறங்களில் சாய்சதுரக் கோலமாகப் பாய்போல் முடைந்த சுவர்களையும், தரையிலிருந்து வீட்டை உயர்த்தி நிறுத்தும் தூண்களையும், இரும்பு ஆணியின்றி மரத்தோடு மரம் கோத்த தச்சு வேலையையும் வெளியே நின்றே நிதானமாகப் பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது முடைவின் மேடுபள்ளம் மிகத் தெளிவாகத் தெரிவதால், அந்த நேரமே சிறந்தது என்பது என் கருத்து. அதே புக்கிட் சந்தான் பகுதியில் உபுடியா பள்ளிவாசலும் இருப்பதால், ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

மலாக்கா சுல்தானக அரண்மனை அருங்காட்சியகத்துக்கு இந்த முறை பொருந்தாது. பதினைந்தாம் நூற்றாண்டு அரண்மனையைப் பற்றிய பழைய வருணனையைக் கொண்டு 1980-களில் கட்டப்பட்ட மறுவடிவம் அது. அங்கே அரசவையின் வாழ்வை விளக்கும் காட்சிகள் உள்ளேதான் இருக்கின்றன என்பதால், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்வதே முறை.