மனதில் கண்ட வடிவம் சூளையில் ஏன் மாறிப்போகிறது?

கடற்கரைச் சிப்பி, பூவரச இலை, கோயில் தூணின் பட்டை என எதைப் பார்த்தும் ஒரு பாத்திரம் மனதில் தோன்றலாம். 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை தொடங்கியது முதல் புதுச்சேரிப் பக்கம் வேரூன்றிய ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டு இறுகும் மண்பாண்டம்) கலையைக் கற்க வருகிறவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. நோட்டில் வரைந்த கையோடு சக்கரத்தில் உட்கார்ந்துவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

முதலில் அளவு. ஸ்டோன்வேர் மண் ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். 30 செ.மீ. சுவர் ஓடு வேண்டும் என்றால் பலரும் 12 சதவீதத்தைக் கூட்டி 33.6 செ.மீ.க்கு வெட்டுகிறார்கள், சுட்டதும் 4 மில்லிமீட்டர் குறைகிறது. 30-ஐ 0.88-ஆல் வகுத்து, 34.1-க்கு வெட்ட வேண்டும். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு விதம் என்பதால், ஈரப் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் குறைகிறதோ, அத்தனை சதவீதம் சுருக்கம்.

இலையைப் பதிக்கும்போது நரம்பு புடைத்த அடிப்பக்கம் மண்ணில் படட்டும். அந்தப் பதிவின்மேல் வெள்ளைக் கிளேஸைக் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) கெட்டியாகப் பூசினால் நரம்பெல்லாம் மூழ்கிவிடும். இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துத் தடவி, ஸ்பாஞ்சால் துடைத்தெடுத்தால் பள்ளங்களில் மட்டும் நிறம் நிற்கும்.

அதிகம் ஏமாற்றுவது நிறம்தான். கோபால்ட் கார்பனேட் கலந்த கிளேஸ் வாளியில் வெளிறிய ஊதாவாக இருக்கும், சூளையில் நீலமாகும். செம்பு, காற்றோட்டமான சூட்டில் பச்சை. ஆக்சிஜன் குறைந்த சூட்டில் சிவப்பு. அதே ஆக்சிஜன் குறைந்த சூட்டில் இரும்பு 1–2 சதவீதம் இருந்தால் செலடான் எனப்படும் வெளிர் பச்சை, 8–10 சதவீதமானால் கருப்பை ஒட்டிய பழுப்பு. ஆகவே வாட்டர்கலரில் தீட்டிய படத்தை நம்பிப் பெரிய ஜாடியில் இறங்காதீர்கள். உங்கள் மண்ணிலேயே நிமிர்ந்து நிற்கும் சோதனைத் துண்டுகள் செய்து, மேல்பாதியை இரண்டு முறை முக்குங்கள். வழிவதும் கனம் கூடினால் நிறம் மாறுவதும் படுக்கைத் துண்டில் தெரியாது. நிறம் சேர்க்காத 100 கிராம் அடிப்படைக் கிளேஸ் கலவைக்கு கோபால்ட் 0.25, 0.5, 1 கிராம் எனச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 100 மி.லி. கிளேஸின் எடையையும் குறித்து வையுங்கள். முக்கியெடுக்கும் கிளேஸுக்கு 140–150 கிராம் பொதுவான அளவு. இதைக் குறிக்காதவர்களுக்கு அழகான விபத்து ஒன்று நடந்தாலும் மறுபடி வராது.

சிப்பியின் மெல்லிய விளிம்பு அடிப்பகுதியைவிட வேகமாகக் காய்ந்து கோணும். விளிம்பை மட்டும் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். கைப்பிடியும் உடலும் ஒரே ஈரத்தில் இருக்கும்போதே கீறி, மண்குழம்பு தடவி ஒட்டுங்கள். காய்ந்ததில் ஈரமானதை ஒட்டினால் இணைப்பில் விரிசல் விடும்.

முதல் சூட்டில் பாத்திரம் வெடித்தால் காற்றுக்குமிழியைக் குற்றம் சொல்வது வழக்கம். உண்மையில் உடைப்பது உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகும் அழுத்தம். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா, இன்னும் காயவில்லை. கனமான சிற்பத்தை 80–90 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் நிறுத்திய பிறகே சூட்டை ஏற்றுங்கள். இறங்கும்போதும் அவசரம் கூடாது: 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென அளவு மாறுவதால், அகலத் தட்டுகள் அங்கேதான் பிளக்கின்றன.