திறப்பு காருக்குள், கதவு பூட்டு: காற்றுப்பையால் திறக்கும் முறை

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்க எல்லாரும் ஒன்றாய் இறங்குவார்கள். திறப்பு சீற்றிலே கிடக்க, கதவுகள் பூட்டிக்கொள்ளும். மாங்குளத்தால் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஊர் விட்ட இடத்தில் இப்படி நடந்தால் கராஜிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கருவி கைவசம் இருந்தால் நீங்களே திறக்கலாம்.

உள்ளே பிள்ளை இருந்தால் கருவியைத் தேடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் வெப்பம் 10 பாகையளவு ஏறிவிடும். பிள்ளைக்கு ஆகத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடித்து உடையுங்கள். முன்கண்ணாடி வேண்டாம், நடுவில் பிளாஸ்ரிக் படலம் இருப்பதால் வெடிப்பு மட்டும் விழும், வழிவிடாது. பிள்ளை சோர்ந்திருந்தால் உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி முதலில் எல்லாக் கதவையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள். றிமோட் கையில் இருந்து பற்றறிதான் செத்ததென்றால், ரொயோட்டா அக்வா போன்ற கார்களின் றிமோட்டுக்குள்ளேயே சிறிய இரும்புத் திறப்பு செருகியிருக்கும். சாரதிக் கதவை அதால் திறக்கலாம்.

தேவையானவை: கைப்பம்புள்ள காற்றுப்பை, பிளாஸ்ரிக் ஆப்பு, நுனியில் றப்பர் போட்ட நீளக் கம்பி, ஈரத்துணி.

இடப்பக்க முன்கதவில் வேலை செய்யுங்கள். சாரதிக் கதவின் பூட்டுச் சுவிச் கம்பிக்கு நேரே வரும். கதவு விளிம்பில் படிந்த கிரவல் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். துடைக்காவிட்டால் அந்த மண்ணே பெயின்ரைக் கீறும். பிணைச்சலுக்கு எதிர்ப்பக்க மேல்மூலையில்தான் கதவுச் சட்டம் இலகுவாக வளையும். அங்கே ஆப்பைச் செருகி, பக்கத்தில் காற்றுப்பையை வையுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நிறுத்திப் பாருங்கள். கம்பி நுழைய ஒரு விரல் தடிப்புக்கும் குறைந்த இடைவெளியே போதும். அவசரப்பட்டு ஊதினால் சட்டம் வளைந்தபடியே நின்றுவிடும். பிறகு ஓடும்போது காற்று இரையும், மாரியில் தண்ணீர் உள்ளே வரும்.

கம்பியால் சுவிச்சை அழுத்துங்கள். அது வேலை செய்யாவிட்டால் உட்கைபிடியைக் கொளுவி இழுங்கள். சில கார்களில் இரண்டு தரம் இழுக்க வேண்டும். இன்னொருவர் முன்கண்ணாடியால் பார்த்து வழி சொன்னால் வேலை பாதி. அலாரம் அடித்தாலும் கம்பியை உருவ வேண்டாம்.

கண்ணாடிக்கும் கீழ் றப்பருக்கும் இடையில் தகடு விடும் பழைய முறையைக் கைவிடுங்கள். கதவுக்குள் வயர்களும், சில கார்களில் எயார்பாக் உணரியும் இருக்கின்றன.

திறந்ததும் முதலில் காற்றை விடுங்கள், பிறகு ஆப்பை எடுங்கள். கருவியை அதே காரின் டிக்கியில் வைக்காதீர்கள்; கூட வரும் மற்ற வாகனத்தில் இருக்கட்டும்.