கண்புரை: எல்லாப் பழியையும் வயதின் மேல் போடாதீர்கள்

"வயசானா புரை வரத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வயதுதான் பெரிய காரணம், சரி. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் பெரும்பகுதி தண்ணீரும் புரதமும்தான். அந்தப் புரதம் வருடக்கணக்கில் சிதைந்து திரளத் திரள லென்ஸ் மங்குகிறது. ஆனால் நாற்பதிலேயே புரையை வரவழைக்கும் காரணங்களும் உண்டு, அவற்றில் சில நம் கையால் வருபவை.

முதல் தவறு, சொட்டு மருந்து. கண் அரிக்கிறது, சிவக்கிறது என்று யாரையும் கேட்காமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுகிறார்கள். சீக்கிரமே சிவப்பு அடங்கிவிடும். அதனாலேயே நல்ல மருந்து என்று நம்பி, அரிக்கும்போதெல்லாம் அதே பாட்டிலைத் தேடுவார்கள். மாதக்கணக்கில் இப்படிப் போட்டால் லென்ஸின் பின்பக்கம் புரை படரும். வெயிலில் கண் கூசும், எதிரே வரும் வண்டியின் விளக்கு பரந்து தெரியும், படிக்கச் சிரமமாகும். கண் அழுத்தமும் ஏறலாம். புரையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம், அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதை நினைத்து பயந்துபோய்த் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. அவ்வப்போது கண்ணைக் காட்டிக்கொண்டால் போதும்.

அடுத்தது சர்க்கரை. ரத்தத்தில் அது ஏறினால் லென்ஸுக்குள்ளும் ஏறும். அங்கே சார்பிட்டால் என்ற வேறொரு இனிப்புப் பொருளாக மாறி, தண்ணீரை இழுத்து, லென்ஸை வீங்க வைக்கும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுகிறதா? புதுக் கண்ணாடிக்குச் செலவழிக்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள்.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. படிக்கக் கண்ணாடி போட்டவர் திடீரென அது இல்லாமலே படிப்பார், "கண் சரியாயிடுச்சு" என்று மகிழ்வார். லென்ஸின் நடுப்பகுதி இறுகியதால் வந்த கிட்டப்பார்வை அது. பெரும்பாலும் புரையின் ஆரம்பம்.

புகைப்பது, வருடக்கணக்கில் கடும் வெயிலில் நிற்பது இரண்டும் புரையை வேகப்படுத்தும். கறுப்புக் கண்ணாடி வாங்கினால் நிறத்தைப் பார்க்காதீர்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று கேளுங்கள். எப்போதோ கண்ணில் பந்து பட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் புரை வரும். டிவி, செல்போன் பார்ப்பதால் புரை வருவதில்லை, அவற்றின் மேல் இந்தப் பழி வேண்டாம்.

வந்த புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. "நல்லா முத்தட்டும்" என்று காத்திருப்பதும் பழைய காலத்து யோசனை. முற்றிய புரையை எடுப்பதுதான் கடினம். அது கண் அழுத்தத்தை ஏற்றி, தாங்க முடியாத வலியையும் தரலாம்.

பிறந்த குழந்தைக்கும் புரை வரும். கண்மணியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் "வளர்ந்தா போயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல், அந்த வாரமே கண் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.